போர் காட்டின் வழியே ஒரு நாள்

சுனாபட்டி என்னும் பெயருக்குச் சுண்ணாம்புக் காளவாய் என்பது பொருள். அங்கு வாழும் நம்மவருக்கு யாத்திரை என்றாலே ஊருக்குப் போகும் ரயில்தான். கோடை விடுமுறையில் மூட்டை முடிச்சுகளுடன் ஏறுகிறோம், கர்ஜத் வந்ததும் பின்னாலிருந்து தள்ளும் எஞ்சின்கள் பூட்டப்படுகின்றன, வண்டி மலையேறுகிறது. பல சமயம் உறக்கத்திலேயே அம்மலையைக் கடந்துவிடுகிறோம். அந்த மலையை விழித்திருந்து, பகலில், சாலை வழியே ஒருமுறை காண வேண்டாமா?

மழை ஓய்ந்த புரட்டாசி, ஐப்பசி மாதங்கள் இதற்கு ஏற்றவை. அருவிகள் வற்றியிரா, மலைச் சரிவு பச்சைக் கம்பளம் போர்த்தியிருக்கும். விடியலில் புறப்பட்டுச் செம்பூர், மான்கூர்டு கடந்து, வாஷிப் பாலத்தின் மேல் கடற்கழியைத் தாண்டினால் பன்வேல் வந்துவிடும். 2002-ல் முழுமையாகத் திறக்கப்பட்ட ஆறுவழி விரைவுச்சாலை அங்கிருந்து புனாவுக்குச் செல்கிறது. அவசரமில்லாதவர் கொப்போலி செல்லும் பழைய சாலையைப் பற்றுவதே நன்று.

கொப்போலியில் மலையடிவாரத்தில் டாட்டா நீர்மின் நிலையம் இருக்கிறது. லோனாவாலா ஏரிகளின் நீரைக் குழாய்களில் 500 மீட்டருக்கும் மேல் கீழே இறக்கி, 1915 முதல் பம்பாய் ஆலைகளுக்கு மின்சாரம் தந்தது இதுவே. நம் முன்னோர் பலருக்குச் சோறிட்ட ஆலைச் சக்கரங்கள் இம்மலை நீரால் சுழன்றவை என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லலாம்.

இதற்கு மேல் போர் காட்டு. கவர்னர் ஸர் ஜான் மால்கம் காலத்தில், 1830-ல், வண்டிகள் ஏறத்தக்க சாலை இங்கே திறக்கப்பட்டது. வளைவொன்றில் சிங்ரோபா கோயில் நிற்கிறது. மலையில் வழி தேடிய வெள்ளையருக்குத் தடம் காட்டிய இடையன் அவன் என்றும், கைம்மாறாக நாட்டின் விடுதலையைக் கேட்டதால் சுட்டுக் கொல்லப்பட்டான் என்றும் கர்ண பரம்பரைக் கதை. வண்டியோட்டிகள் இன்றும் காசு போட்டு வணங்கிச் செல்கின்றனர்.

எதிர்ச்சரிவில் தெரிவது ரயில் பாதை. 1856-ல் தொடங்கி 1863-ல் முடிந்தது. ஒப்பந்தக்காரர் ஸாலமன் டிரெட்வெல் 1859-ல் மாண்டபின், அவருடைய மனைவி ஆலிஸ் அப்பொறுப்பை ஏற்று நடத்தினார். பாறை குடைந்த கூலிகளோ பல்லாயிரவர். விபத்திலும் காலராவிலும் மடிந்தவர் மிகப் பலர். அவர்களுடைய பெயரை அறிவார் யார்?

கண்டாளாவில் நாகத்தின் படம்போல் நிமிர்ந்த நாகபணிச் சிகரத்தைக் கண்டு, லோனாவாலாவில் சிக்கி வாங்கலாம். நம் கடலைமிட்டாய்க்கு அது ஒன்றுவிட்ட சகோதரி! பின்னர்ச் சிறிது தூரத்தில் கார்லா. மலைப் படிகளேறினால், கோலி மக்கள் குலதெய்வமாகப் போற்றும் ஏக்வீரா அன்னையின் சந்நிதி. அருகிலேயே ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் குடைந்த பௌத்தச் சைத்தியம். அதன் கூரையில் அந்நாளைய மர வளைவுகள் இன்னும் இருக்கின்றன.

அக்குகையில் நெஞ்சைத் தொடுவது தூண்களில் உள்ள எழுத்துக்களே. தூண்கள் பலவும் தனித்தனி அன்பர்களின் நன்கொடை; ஈந்தவர் பெயர் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கிறது. யவனர் பலர் அவர்களுள் உண்டு. குகையைச் செய்வித்ததாகக் கல்வெட்டுக் கூறும் பூதபாலன், கன்னட நாட்டு வைஜயந்தியிலிருந்து வந்த வணிகன். பிழைக்க வந்த மண்ணில் கல்லில் பெயர் வைத்தவர்கள் அவர்கள். மலையைக் குடைந்த கூலிகளுக்கோ ஒரு கல்லும் இல்லை.

நம் முன்னோர் இவ்விருவருள் யாரைப்போல் ஆவர்? இந்த மலையிறங்கி வந்த பாட்டனும் பாட்டியும் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றனர். பயணத்தில் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். எந்த ஆண்டு, யாருடன், என்ன வேலைக்கு வந்தார்கள் என்று கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்திலேனும் எழுதி வையுங்கள். கல்லில் பொறிக்க நம்மால் இயலாது போகலாம். காகிதத்தில் எழுதி வைக்க என்ன தடை?