சர்வருக்கும் மூச்சு வாங்கும்!

'சர்வர்' என்றால் ஓட்டலில் தண்ணீர் கொண்டு வந்து வைப்பவர் என்பது அப்பா காலத்து அர்த்தம். இப்போது எங்கேயோ ஏ.சி. ரூமில் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர். பெரிய வித்தியாசம் கிடையாது. கூட்டம் ஏறினால் இரண்டுமே 'இதோ வரேன் சார்' என்று போய்விட்டு வரவே வராது.

ஆம்பூரில் ஷூ, பெல்ட் தயாரித்து வெப்சைட்டில் விற்கும் நண்பர் ஒருவர், தீபாவளிக்குப் 'பாதி விலை' என்று அறிவித்தார். பத்தே நிமிஷத்தில் சைட் படுத்துவிட்டது. "பெரிய மெஷினா வாங்கிடலாமா?" என்று செக் புக்கை எடுத்துவிட்டார். சரி பார்க்க வந்த பையன் தடுத்தான்.

"இருங்கண்ணே, எது பத்தலைன்னு முதல்ல பாப்போம்."

பிராசஸர் அநேகமாகச் சும்மா இருந்தது. மெமரிதான் நிரம்பி வழிந்தது. அவர் போட்டிருந்தது அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருள். வந்தபடியே விட்டுவைத்தால், ஒரே சமயத்தில் 256 பேரைக் கவனிக்கப் பார்க்கும். இவர் சைட்டில் ஆளுக்குச் சுமார் 30 எம்.பி. ஆக 7,680 எம்.பி. வேண்டும். இருந்ததோ 4,096. பி.காம். படித்த எனக்கே விளங்குகிற பற்றாக்குறை! மிச்சத்துக்கு சர்வர் டிஸ்க்கிடம் கைமாற்று வாங்கும். டிஸ்க் மெமரியைவிடப் பல மடங்கு மந்தம். கந்துவட்டி மாதிரி, வாங்கினவன் எழுந்திருக்க முடியாது.

பையன் 256-ஐ 100 ஆக்கினான். நண்பர் அலறினார்: "கூட்டம் வர்ற நேரத்துல கதவைச் சாத்தறியே தம்பி!"

பிரியாணிக் கடையை நினைத்துப் பாருங்கள். இருபது டேபிள் இடத்தில் ஐம்பதை நெருக்கிப் போட்டால், பரிமாறுகிறவர் நடக்க வழியிருக்காது. யாருக்கும் கத்தரிக்காய்கூட வராது. இருபதோடு நிறுத்தி, மற்றவர்களை வாசலில் வரிசையாக நிற்கவைத்தால் எல்லோருமே சீக்கிரம் சாப்பிடலாம். சாப்பிட்டு முடித்தும் அரட்டை அடித்துக்கொண்டு டேபிளைப் பிடித்திருப்பவர்கள் மாதிரி, வேலை முடிந்தும் மூடாத இணைப்புகள் உண்டு. அவற்றை இரண்டே செகண்டில் எழுப்பிவிடச் செய்தான். சைட் எழுந்து உட்கார்ந்தது.

இதே வைத்தியம் ரயில்வேயிலும் நடந்தது. 2014 ஆகஸ்டில் வந்த புதிய ஏற்பாடு, நிமிஷத்துக்கு 2,000 ஆன்லைன் டிக்கெட் என்றிருந்த சக்தியை 7,200 ஆக்கியது. 2015 ஜூனில் செலவில்லாத மருந்து ஒன்று கொடுத்தார்கள்: ஏ.சி. தத்கால் 10 மணிக்கு, மற்றது 11 மணிக்கு. கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. 2025 மே 22 அன்று காலை 10 மணி அடித்த முதல் நிமிஷத்தில் மட்டும் 31,814 டிக்கெட்!

அதே 2025-ல் ரயில்வே சொன்ன இன்னொரு விஷயம்தான் தூக்கிவாரிப் போட்டது. தத்கால் திறந்த முதல் ஐந்து நிமிஷத்தில், உள்ளே நுழைய முயல்வதில் 50 சதவிகிதம் வரை மனிதர்களே இல்லையாம். 'பாட்' என்கிற தானியங்கி மென்பொருள்கள். பிரியாணி வரிசையில் பாதி பொம்மை! சந்தேகத்துக்குரிய இரண்டரைக் கோடி ஐ.டி.களை முடக்கினார்கள். ஜூலையிலிருந்து ஆன்லைன் தத்காலுக்கு ஆதார் கட்டாயம்.

எங்கள் வேலூரில் இது வெறும் கம்ப்யூட்டர் சமாசாரம் இல்லை. சி.எம்.சி.யில் வைத்தியம் முடிந்து, காட்பாடியில் ரயிலேறி வங்காளம் திரும்ப வேண்டிய குடும்பங்கள் எத்தனையோ. டிக்கெட் ஒரு நாள் தவறினால் லாட்ஜுக்கு இன்னொரு நாள் வாடகை. ஆபரேஷன் ஆன உடம்போடு ஒரு நாளுக்கு மேலான பயணத்தை உட்கார்ந்தே போக முடியுமா?

சர்வர் வேகமானதால் பெர்த் ஒன்றுகூட அதிகமாகாது. 'வெயிட்டிங் லிஸ்ட்' என்ற பதில் சீக்கிரம் வரும், அவ்வளவுதான். ஆகவே வரிசை நியாயமாக நகர்வதுதான் முக்கியம். பொம்மைகளை ரயில்வே விரட்டட்டும். நம் பங்குக்கு, வட்டம் சுற்றும்போது ரெஃப்ரெஷை அமுக்காமல் இருக்கலாம். ஒவ்வொரு அமுக்கலும் வரிசையில் இன்னொரு ஆள்.

மற்றபடி, ஆம்பூர்ப் பையனின் கேள்வியை ரயிலைப் பார்த்தும் யாராவது கேட்க வேண்டும்: "எது பத்தலைன்னு முதல்ல பாப்போம்."