தலைமாட்டில் ஒரு குரல்

ஜூன் 4

பாய் விஷயத்தை முதலில் தீர்க்க வேண்டியிருந்தது. வீட்டில் இருக்கும் கோரைப்பாய் மொசைக் தரையில் வழுக்குகிறது. மகள் விட்டுப்போன யோகா மேட் மெலிசு. அதில் முதுகை உருட்டினால் எலும்பு தரையில் இடிக்கும். பிலாட்டீஸ் உடற்பயிற்சிக்கென்று விற்கும் மேட் இதைவிடத் தடிமனாக இருப்பதற்குக் காரணம் உண்டு. யோகாவில் நின்று செய்யும் ஆசனங்கள் நிறைய, பாதம் தரையை உணர வேண்டும். பிலாட்டீஸில் மல்லாந்தும் ஒருக்களித்தும் குப்புறவும் கிடக்கிறோம், முதுகெலும்பின் மேலேயே உருளவும் செய்கிறோம். யோகா மேட்டைத் தரையில் விரித்து, அதன் மேல் பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டேன். ரப்பர் தரையைப் பிடித்துக்கொண்டது, ஜமுக்காளம் முதுகைத் தாங்கியது. புதிதாக எதையும் வாங்க வேண்டியிருக்கவில்லை.

எனக்கு மெய்ப்புத் திருத்தும் வேலை. பகலெல்லாம் மேசையில் குனிந்த தலை. சென்ற ஆண்டு இடுப்பில் தொடங்கிய வலி பிசியோதெரபியில் அடங்கியது. கடைசி நாளன்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார்: "வலி போயிடுச்சு மேடம். திரும்பி வராம இருக்கணும்னா வயித்தையும் இடுப்பையும் சுத்தி இருக்கிற தசைக்கு வேலை குடுக்கணும். வெறும் வாக்கிங் போதாது." பிலாட்டீஸ் செய்யலாமா என்று கேட்டேன். ஆரம்பநிலைப் பயிற்சி என்றால் தாராளமாகச் செய்யலாம் என்றார். பெங்களூரிலிருந்து மகள் அரைமணி நேர வீடியோ ஒன்றை அனுப்பியிருக்கிறாள். திருச்சி வெயிலில் காலை ஐந்தரை மணியை விட்டால் இதற்கு வேறு நேரமில்லை.

ஜூன் 5

வீடியோவின் முதல் சில நிமிடங்கள் மூச்சு மட்டும். இதைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் முழுப் பயிற்சிக்கும் அஸ்திவாரம் இங்கேதான் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

பிராணாயாம வகுப்பில் மூச்சை இழுக்கும்போது வயிறு எழும்பட்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே வயிற்றை மெல்ல உள்ளே வைத்துக்கொண்டு, விலா எலும்புகள் பக்கவாட்டிலும் பின்பக்கமும் விரியும்படி மூக்கால் இழுக்க வேண்டும். வாயால் நீளமாக விட வேண்டும். விலாவின் அடிப்பகுதியைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டி, முனைகளைக் கையில் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார் பயிற்றுநர். நல்ல யோசனை. மூச்சு சரியான இடத்துக்குப் போனால் துண்டு இறுகுகிறது, வெளியே விட்டால் தளர்கிறது. யாரும் வந்து பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

மூச்சை விடும்போது அடிவயிற்றில் ஒரு தசை இறுகுகிறது. வயிற்றுத் தசைகளிலேயே ஆழத்தில் இருப்பது அது. முன்னாலிருந்து இரண்டு பக்கமும் சுற்றிப் பின்முதுகுவரை போகிறது. மகள் பிறந்தபோது அம்மா பழைய பருத்திப் புடவையைக் கிழித்து என் வயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டாளே, அந்தக் கட்டு உடம்புக்கு உள்ளேயே இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி. மேலே உதரவிதானம், கீழே இடுப்பெலும்புக்கூட்டின் தளத் தசைகள், பின்னால் முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகள். இவை ஒன்றாக வேலை செய்தால் இடுப்புக்கு வரும் பாரம் பகிர்ந்துகொள்ளப்படுகிறது.

ஜூன் 8

வீடியோவில் கற்பதில் உள்ள சங்கடம் இன்று தெளிவாகத் தெரிந்தது. மல்லாந்து படுத்தபின் திரையைப் பார்க்க முடியாது. சம்புடத்தில் சாய்த்து வைத்த போனைப் பார்க்கத் தலையைத் திருப்பினால் கழுத்து முறுக்கிக்கொள்கிறது. தலையைத் தூக்கிச் செய்யும் பயிற்சியில் இப்படித் திருப்புவது கழுத்துக்குக் கெடுதல்.

அதனால் முறையை மாற்றிக்கொண்டேன். முதலில் நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டில் குறித்துக்கொண்டே முழுவதையும் பார்த்துவிடுவது. பிறகு போனைத் தலைமாட்டில் கவிழ்த்து வைத்துவிட்டுக் குரலை மட்டும் கேட்டுச் செய்வது. படம் போனதும் பயிற்சி ஆழமானது. படத்தைப் பார்த்தால் அதில் செய்துகாட்டும் இளம்பெண்ணின் கால் எவ்வளவு உயரம் போகிறது என்பதுதான் கண்ணில் படும். குரலைக் கேட்டால் என் கால் எங்கே இருக்கிறது என்று நானே தேட வேண்டியிருக்கிறது.

'ஹண்ட்ரட்' என்று ஒரு பயிற்சி. மல்லாந்து, தலையும் தோளும் தூக்கி, கால்களை நீட்டி உயர்த்தி, கைகளை உடம்பின் பக்கத்தில் மேலும் கீழுமாக அசைக்க வேண்டும். ஐந்து அசைவுக்கு மூச்சை இழுத்து, ஐந்து அசைவுக்கு விட்டு, இப்படிப் பத்துச் சுற்று; மொத்தம் நூறு. அதனால்தான் அந்தப் பெயர். ஆரம்பநிலையில் தலை தரையில் இருக்கலாம், முழங்கால் மடிந்து பாதமும் தரையில் இருக்கலாம். இந்தச் சலுகையைக் குறைவாக நினைக்கக் கூடாது. தலை தரையில் இருந்தால் கழுத்து தலையிடாது. வயிறு தன் வேலையைத் தானே செய்தாக வேண்டும்.

ஜூன் 12

இந்தப் பயிற்சியை உருவாக்கியவரைப் பற்றி இரவு வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தேன். ஜோசப் பிலாட்டீஸ் 1883-இல் ஜெர்மனியில் மன்ஷென்கிளாட்பாக் என்ற ஊரில் பிறந்தவர். ஆஸ்துமா, ரிக்கெட்ஸ், வாதக் காய்ச்சல் எல்லாம் படுத்திய பிள்ளை. உடம்பைத் தேற்றிக்கொள்ள ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை என்று ஒவ்வொன்றாகப் பழகினார். முதல் உலகப்போர் மூண்டபோது இங்கிலாந்தில் இருந்தார். ஜெர்மானியர் என்பதால் பிடித்து வைத்தார்கள். ஐல் ஆஃப் மேன் தீவில் இருந்த நாக்கலோ முகாமில் 20,000-க்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தார்கள். அவர்களில் இவரும் ஒருவர். உடனிருந்தவர்களுக்குத் தரைப் பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்தார் என்றும், படுக்கையை விட்டு எழ முடியாத நோயாளிகளுக்காகக் கட்டிலில் சுருள்வில்களை மாட்டிக் கை கால்களை இயக்கவைத்தார் என்றும் சொல்வார்கள். இன்று பெருநகர ஸ்டூடியோக்களில் இருக்கும் 'ரிஃபார்மர்' கருவியின் சுருள்வில்லுக்கு மூலம் அந்தக் கட்டில்தான் என்பது வழங்கிவரும் கதை.

1926-இல் நியூயார்க் போனார். மனைவி கிளாராவுடன் எட்டாம் அவென்யூவில் பயிற்சிக்கூடம் நடத்தினார். ஜார்ஜ் பாலன்சின், மார்த்தா கிரஹாம் போன்ற நடனமேதைகள் அடிபட்ட தங்கள் கலைஞர்களை அவரிடம் அனுப்பினார்கள். நடன உலகத்துக்குள் இந்தப் பயிற்சி பரவிய வழி அதுதான்.

என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது 1945-இல் வந்த அவருடைய புத்தகம். அதில் 34 தரைப் பயிற்சிகள். படங்களில் செய்துகாட்டுபவர் அவரேதான், அறுபதை ஒட்டிய வயதில். புத்தகத்தைப் பார்த்து வீட்டில் தனியாகச் செய்யும் ஒருவரை மனத்தில் வைத்து எழுதியது அது. வீடியோ பார்த்துத் தரையில் கற்பதை இரண்டாந்தரம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் கருவி வாங்க வழியில்லாதவருக்கும் இடமில்லாதவருக்கும் ஓர் உடம்பு கிடக்கும் அளவு தரை போதும் என்ற எண்ணம் இதன் பிறப்பிலேயே இருக்கிறது.

இன்னொரு செய்தியும் குறித்துவைக்கிறேன். பிலாட்டீஸ் என்ற பெயர் தனக்கே சொந்தம் என்று ஒரு நிறுவனம் வழக்குப் போட்டது. அது ஒரு பயிற்சி முறையின் பொதுப்பெயர், யாரும் பயன்படுத்தலாம் என்று நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் 2000-இல் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு வகுப்புகளும் வீடியோக்களும் பெருகின. தீர்ப்பு வேறு மாதிரி வந்திருந்தால் என் தலைமாட்டுக் குரல் என்னிடம் வந்து சேர்ந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஜூன் 17

இடுப்பைத் தூக்கும் பயிற்சி. மல்லாந்து, முழங்கால் மடித்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, இடுப்பை உயர்த்துவது. பார்த்தால் சேதுபந்தாசனம். ஆனால் ஏறும் விதமும் இறங்கும் விதமும் வேறு. வால் எலும்பு முதலில் சுருள வேண்டும், பிறகு கீழ்முதுகு, பிறகு நடுமுதுகு என்று ஒவ்வொரு முள்ளெலும்பாகத் தரையை விட்டுக் கிளம்ப வேண்டும். இறங்கும்போது தலைகீழ் வரிசை.

கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5. அசையக்கூடிய முள்ளெலும்புகள் 24 என்று பள்ளியில் படித்தது. அவற்றைத் தனித்தனியாக ஒருநாளும் உணர்ந்ததில்லை. இன்று மார்புக்குப் பின்னால் இருப்பவை ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. இடுப்புக்கு வந்ததும் ஐந்தும் சேர்ந்து ஒரே கட்டியாகத் தொப்பென்று விழுந்தன. வலி இருந்த இடமும் அதேதான். எக்ஸ்ரே, ஸ்கேன் எதிலும் எனக்கு இது புரிந்திருக்கவில்லை. அந்த இடம் பிரிந்து அசைய மறந்துபோயிருக்கிறது.

வேகத்தைக் குறைத்தேன். ஒருமுறை இறங்க முழுதாக ஒரு மூச்சு, போதாவிட்டால் நடுவில் நின்று இன்னொரு மூச்சு. குரல் அடுத்த பயிற்சிக்குப் போய்விட்டது. போகட்டும் என்று வீடியோவை நிறுத்திவிட்டேன். எதிரில் ஆசிரியர் இருந்தால் வகுப்போடு சேர்ந்து நகர்ந்திருப்பேன். வீட்டில் இந்த ஒரு சுதந்திரம் இருக்கிறது.

ஜூன் 19

அக்கா போனில்: "நம்மகிட்ட இல்லாத யோகாவா? இதெல்லாம் எதுக்கு?" யோகாவை விட்டுவிடச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்றேன். பிலாட்டீஸின் ஸ்வான் பயிற்சியில் புஜங்காசனமும் டீசரில் நௌகாசனமும் தெரிவது உண்மை. ஆசனத்தில் போய் நிலைத்து நிற்கிறோம். இதில் எண்ணிக்கையோடு, மூச்சோடு, நகர்ந்துகொண்டே இருக்கிறோம். இரண்டுக்கும் உடம்பில் இடம் உண்டு.

ஜூன் 26

'ரோல் அப்'. படுத்த நிலையிலிருந்து முதுகை வளைத்தபடியே எழுந்து உட்காருவது. முழங்காலை மடித்து, தொடையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு பாதிவரை செய்யலாம் என்கிறது குரல்.

இதைத் தொடங்கும் முன் வயிற்றின் நடுக்கோட்டைச் சோதித்துக்கொண்டேன். கர்ப்ப காலத்தில் வயிற்றின் முன்தசைகள் நடுவில் விலகுவது இயற்கை. பலருக்குத் தானாகச் சேர்ந்துவிடும். சிலருக்கு வருடக்கணக்கில் இடைவெளி நிற்கும். மல்லாந்து படுத்து, தலையை லேசாகத் தூக்கி, தொப்புளுக்கு மேலேயும் கீழேயும் விரல்களை அழுத்திப் பார்க்க வேண்டும். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் பள்ளம் இருந்தாலோ, தலையைத் தூக்கும்போது நடுவயிறு கூம்பாகப் புடைத்தாலோ, தலை தூக்கும் பயிற்சிகளை நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டைப் பார்க்க வேண்டும். எனக்கு ஒரு விரல்தான்.

இதை எழுதும்போது கோபம் வருகிறது. பிள்ளை பெற்றபிறகு தையல் ஆறியதா, பால் இருக்கிறதா, குழந்தையின் எடை என்ன என்று கேட்டார்கள். வயிறு சேர்ந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. தும்மினால் சிறுநீர் கசிவதை வயதுக்கோளாறு என்று ஏற்றுக்கொண்டு, கல்யாண வீட்டில் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். தளத் தசைகளுக்குப் பயிற்சி கொடுத்தால் அது பலருக்குக் குறையும். இரண்டு கையால் தண்ணீர்க் குடம் தூக்கும் முன்னும், பேரக்குழந்தையைத் தரையிலிருந்து அள்ளும் முன்னும் மூச்சை விட்டபடி அடிவயிற்றை உள்ளே இழுத்துக்கொள் என்று ஒரு செவிலியர் சொல்லியிருந்தால்கூடப் போதும்.

ஜூலை 3

நாளுக்கு நாள் பிடிப்பு கூடுகிறது. அதனாலேயே ஆதாரம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன். நாள்பட்ட இடுப்புவலிக்குப் பிலாட்டீஸ் உதவுமா என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2015-இல் வந்திருக்கிறது. பெரிதாக எதுவும் செய்யாமல் இருப்பதைவிட இது வலியைக் குறைக்கும் என்கிறது, அதுவும் ஆதாரத்தின் தரம் நடுத்தரம் அல்லது அதற்குக் கீழ் என்ற குறிப்போடு. மற்ற உடற்பயிற்சிகளைவிட மேலானது என்று முடிவாகச் சொல்ல வழியில்லை என்கிறது.

நேர்மையான பதில். எனக்கு இது போதும். நீச்சலோ நடையோ பிடித்தவர் அதையே தொடரட்டும். குனிந்தே வேலை செய்யும் எனக்கு, முள்ளெலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணவைக்கும் பயிற்சி பொருந்துகிறது. வேலைக்கு நடுவில் எழுந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, தலையிலிருந்து மெல்லச் சுருண்டு இறங்கி, அதே வழியில் ஏறிவருகிறேன். பிற்பகல் மூன்று மணிக்கு வரும் அந்த இறுக்கம் இந்த வாரம் வரவில்லை.

ஜூலை 9

அத்தைக்கும் செய்ய ஆசை வந்துவிட்டது. எழுபதைத் தாண்டியவர், எலும்பு அடர்த்தி குறைந்திருக்கிறது. நான் செய்வதில் பாதி அவருக்கு ஆகாது. எலும்பு மெலிந்தவர் முதுகை முன்னால் வளைத்துச் சுருண்டால் முள்ளெலும்பு நசுங்கி முறியலாம். தலை தூக்கும் ஹண்ட்ரட், ரோல் அப், பந்தாக உருளுவது, உட்கார்ந்து குனிவது எல்லாம் விலக்கு. ஆரம்பநிலை வீடியோக்களில் பல இந்த எச்சரிக்கையைச் சொல்வதே இல்லை, சொல்வதுதான் முறை.

மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டு ஒரு சிறு பட்டியல் போட்டேன். துண்டு கட்டிய மூச்சு. மல்லாந்து ஒரு குதிகாலை மெல்ல நீட்டி மடக்குவது. ஒருக்களித்துப் படுத்து மேல்காலைச் சாண் உயரம் தூக்குவது. சுவரில் முதுகை நிமிர்த்தி நிற்பது. தரையில் இறங்கி எழ வேண்டாம் என்று எல்லாம் கட்டிலில்தான், மெத்தையை எடுத்துவிட்டு.

போன் குரல் அவருக்குச் சரியாகக் கேட்காது. அதனால் நானே பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். குதிகால் நீளும்போது வலது தோள் காதை நோக்கி ஏறியது. தொட்டுக் காட்டினேன்.

"மூச்ச விடும்போது தோளை இறக்குங்க அத்தை."

"உன் தோளும் இப்படித்தானம்மா ஏறுது. தினம் நாற்காலியில உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

எந்தப் பயிற்சியில் என்று கேட்டேன். கையை ஆட்டுவதில் என்றார், அதுவும் கடைசிச் சுற்றுகளில். அவருடைய நாற்காலியை மேட்டின் கால்மாட்டுக்கு நகர்த்திப் போட்டிருக்கிறேன். அங்கிருந்து இரண்டு தோளும் தெரியும்.