கூண்டு ஏறிய பின்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி. காசிமேட்டில் பிறந்து வளர்ந்த நான், அது கடலுக்கு மட்டுமே உரியது என்று எண்ணியிருந்தேன். பங்குச் சந்தைக்கும் அது பொருந்தும் என்பதை 700 ரூபாய் இழந்து கற்றேன்.

2024 செப்டம்பர் 26 அன்று சென்செக்ஸ் 85,836 புள்ளிகளில் முடிந்தது. அந்நாள்வரை அதுவே உச்சம். அக்டோபரில் சற்று இறங்கியதும், மலிவாகக் கிடைக்கிறதே என்று, டியூஷன் எடுத்துச் சேர்த்த 8,000 ரூபாய்க்குப் பங்குகள் வாங்கினேன். விலை மேலும் சரிந்தது. கொள்முதல் சராசரியைக் குறைக்கும் ஆசையில், கட்டணத்திற்கும் புத்தகங்களுக்கும் என்று அப்பா ஜனவரியில் தந்த 4,000 ரூபாயையும் போட்டேன். பிப்ரவரி இறுதியில் அது 3,300 ஆகிவிட்டது. கட்டணம் கட்டும் நாளோ நெருங்கியது.

வேறு வழியின்றி அப்பாவிடம் சொன்னேன். கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை. "கூண்டு ஏத்தினப்புறம் எவனாச்சும் கடலுக்குப் போவானாடா? அதுவும் அடுத்தவன் போட்டை எடுத்துக்கினு?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. கணித மாணவனாகிய நான் முன்பே செய்திருக்க வேண்டிய கணக்கை அப்போதுதான் செய்தேன். கடந்த 200 நாள்களின் முடிவு விலைகளைக் கூட்டி 200ஆல் வகுத்தால் வருவது நீண்டகாலச் சராசரி. 50 நாள் சராசரி அதற்குக் கீழே போனால் போக்கு இறங்குமுகம் என்பர். என் பங்குகளில் அது எப்போதோ கீழே போயிருந்தது! துறைமுகத்துப் புயல் கூண்டும் இத்தகையதே. 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. எச்சரிக்கும், ஆனால் கடல் என்று அடங்கும் என்று சொல்லாது.

இன்னொரு கணக்கும் உண்டு. 20 விழுக்காடு இழந்த பணம் பழைய நிலையை எட்ட 25 விழுக்காடு ஏற வேண்டும். 50 இழந்தால் 100 ஏற வேண்டும். ஆகவே இறக்கத்தில் முதலைக் காப்பதே முதற்கடமை.

வரைபடம் மட்டும் போதாது; ஊரையும் பார்க்க வேண்டும். லாரி விற்பனை படுத்த 2019 செப்டம்பரில், எண்ணூர் அசோக் லேலண்ட் ஆலையில் 16 நாள்கள் வேலையில்லா நாள்களாக அறிவிக்கப்பட்டன. பொருளாதாரம் மந்தமாவதை அறிய அதைவிடத் தெளிவான பாடம் எது?

மறுநாள் அப்பாவின் பணத்தில் வாங்கியவற்றை மட்டும் விற்றேன். குறைந்த 700 ரூபாயை டியூஷன் வருமானத்தால் நிரப்பினேன். மார்ச் 4 அன்று சென்செக்ஸ் 72,990 வரை இறங்கிப் பின்னர் ஏறியது. நான் விற்றவையும் ஏறின, நண்பர்கள் சிரித்தார்கள். எனக்கு வருத்தமில்லை. கட்டணம் கட்டும் நாள் யாருக்காகவும் காத்திராது. அவசரத்திற்குத் தேவைப்படாத அந்த 8,000 ரூபாய்ப் பங்குகளை நான் விற்கவில்லை. 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் மக்கள் படகை விற்பதில்லை, வலையைச் செப்பனிடுகிறார்கள்.

நண்பர்களே! ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களுள் 93 விழுக்காட்டினர், 2024 மார்ச்சுடன் முடிந்த மூன்று நிதியாண்டுகளில் நட்டமே அடைந்தனர் என்று செபியின் ஆய்வு கூறுகிறது. கைப்பேசியில் விரல் வைக்குமுன் இதை நினையுங்கள். வள்ளுவர் வலியறிதலை முதலிலும் காலமறிதலை அடுத்தும் வைத்தார். நான் காலத்தைக் கணிக்கப் போய் என் வலியை அறிய மறந்தேன். நீங்கள் மறவாதீர்கள்.