எழுவைதீவில் மின்சாரம் காப்பவர்கள்

எழுவைதீவுக்கு மின்சாரம் நெடுங்காலம் பரலில்தான் வந்தது. ஊர்காவற்றுறையில் டீசலை வள்ளத்தில் ஏற்றி, தீவின் இறங்குதுறையில் இறக்கி, ஜெனரேற்றருக்கு ஊற்றினால்தான் விளக்கு எரியும். தேசிய மின்கம்பி கடல் தாண்டி இங்கே வருவதில்லை. பக்கத்திலுள்ள அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். 2010களின் இரண்டாம் பாதியில், ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு இலங்கை மின்சார சபை இந்தச் சின்னஞ்சிறு தீவில் ஒரு கலப்பு மின்நிலையத்தை அமைத்தது. ஏறத்தாழ 46 கிலோவாற் சூரியத் தகடுகள், 20 கிலோவாற் அளவில் சிறு காற்றாலைகள், 100 யூனிற் அளவுக்குப் பிடித்துவைக்கும் லிதியம் பற்றரி, இவை கைவிட்டால் துணைக்கு ஒரு டீசல் மெசின். இதை ஓட்டுபவர்களைப் பார்க்கத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் கடந்து, வேலணை வழியாக ஊர்காவற்றுறைக்குப் போய்ப் படகேறினேன்.

போய்ச் சேர்ந்தபோது காலை வெயில் இன்னும் ஏறவில்லை. இளைஞர் ஒருவர் ஈரத்துணியோடு தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடற்காற்று கண்ணாடியில் மெல்லிய உப்புப் படலத்தைப் படியவிடுகிறது. காகமும் கொக்கும் தம் பங்குக்கு எச்சமிடுகின்றன. படலம் தடித்தால் வெயில் இருந்தும் மின்சாரம் குறையும். கழுவுவதற்கு உவர்நீர் உதவாது, அது காய்ந்தால் மறுபடியும் உப்புத்தான். நன்னீரோ இந்தத் தீவில் குடிக்கவே அளந்து செலவழிக்கும் பொருள். ஆகவே ஒரு வாளி நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, வரிசை வரிசையாகத் துடைக்கிறார்கள். கண்ணாடி சூடேறிய பிறகு குளிர்ந்த நீர் படக்கூடாது என்பதால் விடியலிலேயே தொடங்கிவிட வேண்டும். மாரி மழை தொடங்கினால் இந்த வேலையை வானம் எடுத்துக்கொள்ளும்.

அவருக்குத் தொழில் பழக்கும் பெரியவர் முன்பு டீசல் மெசினோடு காலம் கழித்தவர். காற்றாலைக் கம்பத்தின் கீழே நின்று சிறிது நேரம் காதுகொடுத்துக் கேட்டார். பெயறிங் தேய்ந்தால் சத்தம் மாறுமாம். ஆணிகளில் துரு ஏறியிருக்கிறதா, கிறீஸ் காய்ந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கும் இரும்பை உப்பு விட்டுவைக்காது. இந்த நிலையத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது இவர்களுடைய கிறீஸ் ரின்னும் கந்தைத் துணியும் என்றே எனக்குத் தோன்றியது.

காற்றைப் பற்றிய அவரது கணக்கு கடற்றொழிலாளரின் கணக்கேதான். வைகாசியிலிருந்து சோளகம் பலமாக அடிக்கும், வெயிலும் கூடவே இருக்கும், அது செழிப்பான காலம். மாரியில் முகில் மூடினால் தகடு சோர்ந்துவிடும், ஆனால் வாடைக்காற்று ஓரளவு கைகொடுக்கும். இரண்டுக்கும் இடையில் காற்று விழுந்து முகிலும் கட்டும் நாட்கள்தான் சோதனை. அப்போது டீசலைத் தொடாமல் முடியாது.

அந்த மெசினை எப்போது தொடுவது என்பதில்தான் கைப்பழக்கம் தெரிகிறது. "கொஞ்ச லோட்டிலை ஓட விட்டா, தம்பி, மெசின் தானும் கெட்டு டீசலையும் திண்டுபோடும்" என்றார். உண்மைதான். பாரம் குறைந்தால் டீசல் முழுமையாக எரியாது. புகைபோக்கியில் கரி கட்டும், ஒரு யூனிற்றுக்குச் செலவாகும் எண்ணெயும் கூடும். ஓட்டினால் நிறைந்த பாரத்தோடு ஓட்டிப் பற்றரியையும் சேர்த்து நிரப்பிவிட்டு நிறுத்த வேண்டும்.

இங்கே சிக்கனம் என்பது நாம் நினைப்பதிலிருந்து சற்று வேறானது. நல்ல வெயில் நாளில் அந்தத் தகடுகளிலிருந்து சுமார் 200 யூனிற் வரை எதிர்பார்க்கலாம். பற்றரி பிடிப்பது அதில் பாதியளவுதான். மீதியைப் பகலிலேயே பயன்படுத்தாவிட்டால் அது வீணாகப் போகும். அதனால் மத்தியானத்தில் தாராளமாகச் செலவழிக்கலாம், மாலை ஆறிலிருந்து பத்து வரை கையை இறுக்க வேண்டும். கிணற்று மோட்டர், கிரைண்டர், அயன்பெட்டி எல்லாம் வெயில் நேரத்துக்கு உரியவை. "பின்னேரம் மோட்டரைப் போடாதேங்கோ, அக்கா, மத்தியானமே இறைச்சு விடுங்கோ" என்று இளைஞர் வழியில் ஒரு வீட்டுக்காரியிடம் சொன்னார். அவரும் தலையாட்டினார். தேசிய கம்பியில் தொங்கும் யாழ்ப்பாண நகரத்து வீடுகளுக்கு இந்தப் பழக்கம் இல்லை. கூரைச் சோலர் பெருகிவரும் இந்நாளில் அவர்களுக்கும் இது தேவை.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அளந்து எரிப்பது புதிதல்ல. 1990இல் போர் மீண்டும் மூண்டு மின்சாரம் அறுந்தபின், மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிதான பொருளாதாரத் தடைக்காலத்தில், ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, ஒரு சொட்டும் வீணாகாமல் எண்ணெய் விட்டு ஏற்றிய 'சிக்கன விளக்கில்' ஒரு தலைமுறையே படித்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டது. அது திணிக்கப்பட்ட சிக்கனம், அதைப் போற்றிப் பேச எனக்கு மனமில்லை. இன்று இந்தத் தீவில் நடப்பது தெரிந்து செய்யும் சிக்கனம். இரண்டையும் ஒன்றாக்கக்கூடாது.

டீசல் குறைவதில் பணத்தைவிடப் பெரிய நன்மை நிலத்துக்கடியில் இருக்கிறது. குடாநாடும் தீவுகளும் சுண்ணாம்புக் கல்லின்மேல் கிடக்கின்றன. மேலே சிந்திய எண்ணெய் பொத்தல் வழியே நேரே கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்தில் அனல் மின்நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்ததையும், 2019இல் உயர்நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்ததையும் நாம் மறக்கலாகாது. உவர்நீரின்மேல் மெல்லியதாக மிதக்கும் நன்னீரை நம்பி வாழும் தீவில் அப்படி ஒன்று நடந்தால் மாற்றுக் கிணறு தோண்ட இடமே இராது.

அடுத்த கட்டம் பெரிது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமான கலப்பு மின்திட்டம் 2021 தொடக்கத்தில் ஒரு சீன நிறுவனக் கூட்டுக்குக் கொடுக்கப்பட்டு, இந்தியாவின் ஆட்சேபத்துக்குப் பின் நின்றுபோனது. பிறகு ஏறத்தாழ 1.1 கோடி டொலர் இந்திய நன்கொடையோடு 2024 மார்ச்சில் பெங்களூரு யூ சோலர் நிறுவனத்துடன் ஒப்பந்தமானது. 1,700 கிலோவாற் சூரியம், 530 கிலோவாற் காற்று, 2,400 யூனிற் பற்றரி என்பது திட்டம். இரண்டு பெரிய நாடுகளின் இழுபறியில் தீவு மக்களுக்கு ஆண்டுகள் வீணாகின.

இயந்திரத்தைக் கொண்டுவந்து இறக்குவதோடு வேலை முடியாது. லிதியம் பற்றரி பத்தாண்டு அளவில் தளரும், இன்வேற்றர் பழுதானால் உதிரிப்பாகம் கடல் கடந்து வரவேண்டும், தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் பழைய டீசல் மெசின் மறுபடியும் முழுநேரமும் ஓடும். ஆகவே மின்சார சபைக்கும் மாகாண நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள்: மூன்று தீவுகளிலும் நிலையம் எழும் முன்னரே அந்தந்தத் தீவின் இளைஞர்களையும் யுவதிகளையும் தெரிந்தெடுத்து, எழுவைதீவில் இவர்களிடம் சில மாதங்கள் தொழில் பழக விடுங்கள். பற்றரி மாற்றுவதற்கான பணத்தை இப்போதே ஒதுக்கி வையுங்கள்.