கண்டுபிடிக்கும் வேலைக்கும் கூலி உண்டு

தில்லி ரிங் ரோட்டில் தௌலா குவானைத் தாண்டினால் மோதி பாக். மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள், பக்கத்திலேயே நானக்புரா, சத்திய நிகேதன், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று என்று தமிழ்க் குடும்பங்களுக்கு நன்றாகப் பழகிய பகுதி. இங்கே கார் மெக்கானிக்கை மிஸ்திரி என்பார்கள். அனுபவசாலி என்றால் உஸ்தாத். அவர்கள் கைக்கு வருபவை பெரும்பாலும் கம்பெனி சர்வீஸ் முடிந்து பல வருஷமான வேகன் ஆர், ஆல்டோ, சான்ட்ரோ வகையறா. மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் கிணிகிணியென்று நாக்கிங், சிக்னலில் நின்றால் எஞ்சின் விட்டுவிட்டு உதறும் மிஸ்ஸிங். பிளக் மாற்றியாகிவிட்டது, காயில் மாற்றியாகிவிட்டது, பெட்ரோல் பங்க்கையும் மாற்றியாகிவிட்டது. சத்தம் மட்டும் போகவில்லை. மிஸ்திரிக்கு வேலை தெரியவில்லை என்று வண்டிக்காரர் முடிவு கட்டுகிறார். இந்தத் தொழிலை அருகிலிருந்து பார்த்ததில் என் முடிவு வேறு. பொருளுக்குக் காசு கொடுக்கிறோம், மாட்டுவதற்குக் கொடுக்கிறோம். கோளாறு எங்கே என்று தேடும் நேரத்துக்குக் கொடுப்பதில்லை. பழைய காரின் நாக்கிங் தீராத வியாதியாக நீள்வதற்குப் பெரிய காரணம் அதுதான்.

தேடல் ஏன் நேரம் பிடிக்கிறது என்பது நாக்கிங் என்ன என்று தெரிந்தால் விளங்கும். பிளக்கில் பொறி விழுந்ததும் தீ அங்கிருந்து பரவி, சிலிண்டரில் உள்ள கலவையை ஒழுங்காக எரித்துக்கொண்டே போக வேண்டும். அது வந்து சேரும் முன்பே, ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகப் பற்றிக்கொண்டால் எழும் அழுத்த அலைதான் நமக்குத் தட்டல் சத்தமாகக் கேட்கிறது. பொறி சீக்கிரம் விழுந்தாலும் இது நடக்கும். பிஸ்டன் தலையில் கரி படிந்து அழுத்தம் கூடினாலும், எங்கோ ஏர் பிடித்துக் கலவையில் பெட்ரோல் குறைந்து லீன் ஆனாலும், ரேடியேட்டர் அடைத்து எஞ்சின் சூடேறினாலும், வண்டிக்குப் பொருந்தாத பிளக் போட்டாலும், மட்டமான பெட்ரோலாலும் நடக்கும். தில்லியின் பருவமும் இதில் சேர்ந்துகொள்கிறது. மே மாதத்து அனல்காற்று சூடானது, உலர்ந்தது. இரண்டுமே நாக்கிங்கைக் கூட்டும். ஜூலையில் மழை இறங்கிக் காற்றில் ஈரம் ஏறியதும் எரிதல் சற்று மெதுவாகி, தட்டல் அடங்கும். ஜூனில் எந்தப் பொருளை மாற்றினோமோ, நல்ல பெயர் அதற்குப் போய்விடுகிறது. அடுத்த கோடையில் சத்தம் திரும்பி வரும்போதுதான் உண்மை தெரியும்.

இந்தச் சிக்கலைப் பிரிக்கத் தில்லி மிஸ்திரிகளிடம் ஒரு நல்ல வழி இருக்கிறது. இங்கே பழைய கார்களில் நிறையவற்றில் சி.என்.ஜி. கிட் உண்டு. உச்ச நீதிமன்றம் 1998 ஜூலையில் பிறப்பித்த உத்தரவால் பேருந்துகளில் பரவத் தொடங்கிய எரிவாயு, பின்னால் கார்களுக்கும் வந்தது. டாஷ்போர்டில் எரிபொருளை மாற்றும் சின்ன சுவிட்ச் இருக்கும். கைதேர்ந்த மிஸ்திரி எதையும் கழற்றுவதற்கு முன் வண்டியை ஓட்டிப் பார்த்து, சத்தம் வரும் இடத்தில் அந்தச் சுவிட்சைத் தட்டுகிறார். எரிவாயுவின் ஆக்டேன் 120-ஐத் தாண்டும். அதில் நாக்கிங் எளிதில் வராது. ஆகவே பெட்ரோலில் கேட்ட சத்தம் கேஸில் மறைந்தால் அது எரிதலில் உள்ள கோளாறு. இரண்டிலும் ஒரே மாதிரி தட்டினால், சந்தேகம் பேரிங், பிஸ்டன் பக்கம் திரும்பும். இதே சுவிட்ச் இக்னிஷனுக்கும் சாட்சி சொல்லும். கேஸைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிடக் கூடுதல் வோல்ட்டேஜ் வேண்டும். பெட்ரோலில் சமாளித்து ஓடும் வண்டி கேஸில் மிஸ் ஆனால், தளர்ந்த காயில், தேய்ந்த பிளக், கசியும் வயர் மூன்றையும் முதலில் பார்க்கலாம். இன்னொன்றும் உண்டு: கேஸுக்காகப் பொறியை முன்கூட்டியே விழவைக்கும் அட்வான்ஸ் பெட்டி சில கிட்டுகளில் இருக்கும். அது பெட்ரோலுக்கு மாறிய பிறகும் விலகாமல் நின்றால் நாக்கிங் நிச்சயம். அடுத்தது பிளக். கழற்றி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போல் கரும்புள்ளிகளோ, பிஸ்டனிலிருந்து உருகி ஒட்டிய அலுமினியப் பொட்டோ தெரிந்தால் தட்டல் நெடுநாளாக நடக்கிறது என்று பொருள்.

இவ்வளவு பார்த்துக் கடைசியில் அகப்படுவது பெரும்பாலும் சின்ன விஷயம். இன்டேக் அருகே வெடித்த ரப்பர் ஓஸ், தளர்ந்த கிளிப், சேறு அப்பிய ரேடியேட்டர். ஓஸின் விலை அற்பம். அதை மாட்ட ஐந்து நிமிஷம் போதும். ஒரு மணி நேரம் தேடியவர் ஐந்து நிமிஷத்துக்கான கூலியைத்தான் கேட்க முடிகிறது. தேடாமல் காயிலை மாற்றியவருக்கோ காயிலில் கமிஷனும் கிடைக்கிறது, மாட்டிய கூலியும் கிடைக்கிறது. எது தொழிலாக நிலைக்கும் என்று விளக்கத் தேவையில்லை. டாக்டரிடம் போனால் மருந்துச் சீட்டே எழுதாவிட்டாலும் ஃபீஸ் கொடுத்துவிட்டு வருகிறோம். மிஸ்திரியிடம் மட்டும் பார்த்ததற்கு எதற்குக் காசு என்கிறோம்.

விளைவு, சத்தத்தை மட்டும் அடக்கும் வைத்தியம். டிஸ்ட்ரிபியூட்டர் இருந்த காலத்தில் அதைக் கொஞ்சம் திருப்பி டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். தட்டல் நிற்கும்; பிக்கப் போய்விடும், எஞ்சின் சூடேறும். நாக் சென்சார் உள்ள வண்டிகளில் இந்தக் காரியத்தைக் கம்ப்யூட்டரே செய்கிறது. காதுக்கு ஒன்றும் கேட்காது, வண்டி மட்டும் இழுக்காது. காரணத்தைத் தொடாமல் சத்தத்தை நிறுத்தியதன் மிகப் பெரிய உதாரணம் உலக வரலாற்றிலேயே இருக்கிறது. 1921-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி, பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தால் நாக்கிங் நிற்கும் என்று கண்டார். அந்த நஞ்சை இந்தியா முழுமையாக விட்டொழிக்க 2000 பிப்ரவரி ஆயிற்று. கார்களுக்கான ஈயப் பெட்ரோல் உலகத்தை விட்டே போனது 2021-இல்.

ஸ்கேனர் வந்த பிறகு காதும் கைப்பழக்கமும் எதற்கு என்று கேட்கலாம். இரண்டாவது சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று ஸ்கேனர் சொல்லும். காயிலா, பிளக்கா, இன்ஜெக்டரா, வால்வா என்று சொல்லாது. இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி, கோளாறும் கூடவே நகர்கிறதா என்று பார்ப்பவர் மனிதர்தான். அதற்குப் புதுப் பொருள் எதுவும் வேண்டாம், நேரம் வேண்டும். நல்ல பெட்ரோல் போட்டால் தீரும் என்பது இன்னொரு வாதம். இப்போது பங்க்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலின் ஆக்டேன் 95. முந்தைய சாதாரணப் பெட்ரோலுக்கு 91. அப்படியும் தட்டினால் பழியை எரிபொருள் மேல் மட்டும் போட முடியாது. அதே எத்தனாலால் பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025-இல் சொன்னது. ஓஸைத் தேடிப் பார்க்க அதுவும் ஒரு காரணம்.

பதினைந்து வருஷப் பெட்ரோல் கார் தில்லியில் ஓடவே கூடாதென்று தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் 2018-இல் உச்ச நீதிமன்றமும் சொன்ன பிறகு இந்த அக்கறை வீண் என்பாரும் உண்டு. பழைய வண்டி என்றால் பதினைந்தைத் தாண்டியது மட்டும் அல்ல. பத்து, பன்னிரண்டு வயது கார்கள் சட்டப்படியே ஓடுகின்றன. மிஸ் ஆகும் சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோல் நேராகப் புகைக்குழாய்க்குப் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கிறது. தில்லியின் காற்றுக்காகவாவது அவற்றின் கோளாறு சரியாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டும். பார்ப்பதற்கும் காசு வாங்கிக்கொண்டு ஏமாற்றினால்? இதுதான் கனமான ஆட்சேபம்; முழுத் தீர்வு என்னிடம் இல்லை. ஆனால் தேடலுக்குத் தனிக் காசு என்று வந்துவிட்டால் என்ன பார்த்தீர்கள், எப்படித் தெரிந்தது என்று கேட்கும் உரிமை நமக்கு வருகிறது. தேவையில்லாத காயில் ஒன்றின் விலையைவிட அந்தக் கூலி குறைவாகத்தான் இருக்கும்.

ஆகவே வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். சத்தம் எப்போது வருகிறது, பெட்ரோலிலா கேஸிலா, எஞ்சின் சூடான பிறகா, எந்த கியரில் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பொருள் எதையும் மாற்றும் முன், "முதல்ல பார்த்துச் சொல்லுங்க உஸ்தாத், பார்க்கிறதுக்குத் தனியாக் காசு தர்றேன்" என்று உங்களுக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிவிடுங்கள். கழற்றிய பிளக்கை உங்கள் கையில் வாங்கிப் பாருங்கள்.