மெயில் சர்வரில் எது குப்பை?

தாம்பரம் பக்கம் ஒரு சின்ன கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை பத்து மணி. "தம்பி, காலையிலேர்ந்து ஒரு மெயிலும் வரலையேப்பா" என்று மேனேஜர் கூப்பிடுகிறார். தம்பி போன வருஷம்தான் காலேஜ் முடித்து வேலைக்கு வந்தவர். சர்வரைத் திறந்து பார்த்தால் டிஸ்க் முழுக்க நிரம்பிக் கிடக்கிறது. என்னவென்று தேடினால் எல்லாம் லாக் ஃபைல்கள். "லாக்தானே, குப்பை" என்று கை டெலீட் பட்டனுக்குப் போகிறது...

அங்கேயே நிறுத்துங்கள்! இது கற்பனைக் காட்சிதான். ஆனால் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் யாருக்கும் ஒருநாள் இது நடக்கலாம்.

முதல் விஷயம், அவ்வளவு அவசரம் தேவையில்லை. டிஸ்க் நிரம்பினால் வரவேண்டிய மெயில்கள் உடனே செத்துப்போவதில்லை. "இப்போது இடமில்லை, பிறகு வா" என்பதற்கு மெயில் உலகத்தில் 452 என்று ஒரு எண் இருக்கிறது. அதைக் கேட்ட எதிர்முனை சர்வர் மெயிலை வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வந்து தட்டும். போஸ்ட்ஃபிக்ஸ் சர்வரில் யாரும் மாற்றாவிட்டால் இப்படி 5 நாள் வரை முயற்சி செய்யும். ஆக, உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு யோசிக்க நேரம் இருக்கிறது. அவசரத்தில் அழித்த லாக் மட்டும் திரும்பி வராது.

சரி, லாக் ஏன் இவ்வளவு பெருக்கிறது? ஒரு மெயில் போனால் ஒரு வரி என்று கணக்கு இல்லை. யார் கதவைத் தட்டினார், யாருக்கு மெயில், எப்போது வரிசையில் நின்றது, எதிர்முனை என்ன பதில் சொன்னது, எப்போது வரிசையை விட்டுப் போனது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. போதாததற்கு, உலகத்தின் ஏதோ மூலையிலிருந்து பாஸ்வேர்டை ஊகித்து உள்ளே வரப் பார்க்கும் புரோகிராம்கள் தட்டும் ஒவ்வொரு தட்டலும் பதிவாகும்.

இன்னொரு சுவாரசியம். இன்று யூனிக்ஸ், லினக்ஸ் உலகம் முழுக்க லாக் எழுதப் பயன்படும் சிஸ்லாக் என்ற முறையே மெயில் சர்வருக்காகப் பிறந்ததுதான். 1980களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சென்ட்மெயிலை எழுதிய எரிக் ஆல்மன், அதன் ஒரு பகுதியாக சிஸ்லாக்கையும் எழுதினார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். லாக் என்று ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகள் இருக்கின்றன.

ஒன்று நாட்குறிப்பு. நடந்ததை எழுதி வைப்பது. போஸ்ட்ஃபிக்ஸ், சென்ட்மெயில் எழுதுவது இந்த வகை. இதை அழித்தாலும் சர்வர் ஓடும்.

இன்னொன்று மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் வைத்திருக்கும் டிரான்ஸாக்‌ஷன் லாக். பிளஸ் ஒன்னில் அக்கவுண்டன்சி படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். முதலில் குறிப்பேட்டில் எழுதி, பிறகு பேரேட்டில் ஏற்றுவோம் இல்லையா? எக்ஸ்சேஞ்சும் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் லாக்கில் எழுதிவிட்டு, சாவகாசமாக டேட்டாபேஸில் ஏற்றும். 2007 பதிப்பிலிருந்து ஒவ்வொரு லாக் ஃபைலும் 1 எம்.பி. அதனால்தான் ஆயிரக்கணக்கில் குவிந்து பயமுறுத்துகின்றன. பேரேட்டில் ஏற்றுவதற்கு முன் குறிப்பேட்டைக் கிழித்தால் என்ன ஆகும்? டேட்டாபேஸ் திறக்க மறுக்கலாம், மெயில்களும் போகலாம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். யு.பி.எஸ். பேட்டரியும் தீர்ந்து சர்வர் பாதியில் படுத்தால், மறுபடி எழும்போது விட்ட இடத்திலிருந்து கணக்கைச் சரிசெய்வது இந்த லாக்தான்.

அப்படியானால் இதை எப்படிக் குறைப்பது? முழு பேக்கப் எடுங்கள். பேக்கப் சரியாக முடிந்ததும் தேவையற்ற லாக்குகளை எக்ஸ்சேஞ்சே அழித்துவிடும். இன்னொரு விதமாகச் சொன்னால், இந்த லாக் மலைபோல் குவிந்திருந்தால் பல நாளாக பேக்கப் ஒழுங்காக நடக்கவில்லை என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். டிஸ்க் நிரம்பியது நோயின் அறிகுறி மட்டுமே.

லினக்ஸ் பக்கம் வேறொரு பொறி இருக்கிறது. பெரிய லாக் ஃபைலை அழித்தாயிற்று, ஆனால் டிஸ்கில் இடம் கூடவே இல்லை! காரணம், சிஸ்லாக் அந்த ஃபைலை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றினால் குடியிருப்பவர் வீட்டைக் காலி செய்ததாக ஆகுமா? அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்:

1. லாக் ஃபைலுக்குப் பெயர் மாற்றுங்கள்.
2. புது ஃபைல் திறக்கும்படி சிஸ்லாக்குக்குச் சொல்லுங்கள்.
3. பழையதைச் சுருக்கி வேறொரு டிஸ்கில் வையுங்கள். வெறும் எழுத்து என்பதால் நன்றாகவே சுருங்கும்.
4. நகல் திறக்கிறதா என்று பார்த்தபிறகு மட்டும் பழையதை அழியுங்கள்.

இந்த நான்கில் பெரும்பகுதியை நாள்தோறும் தானாகச் செய்யவே லாக்ரொட்டேட் என்ற புரோகிராம் இருக்கிறது. ஒருமுறை அமைத்தால் போதும்.

எத்தனை நாள் வைக்க வேண்டும்? இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். லாக்ரொட்டேட்டின் வழக்கமான அமைப்பு நான்கு வாரம். எக்ஸ்சேஞ்சில் எந்த மெயில் எங்கே போனது என்று குறிக்கும் லாக் 30 நாள். ஆனால் 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு பிறப்பித்த உத்தரவுப்படி, நிறுவனங்கள் லாக்குகளை 180 நாள் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும். அமைப்பை மாற்றாமல் விட்டால் ஐந்து மாத லாக் குறையும்.

சட்டத்தை விடுங்கள். வேலைக்கு விண்ணப்பித்த ஒரு பெண், "கடைசி நாளுக்கு முன்பே மெயில் அனுப்பினேன் சார்" என்கிறார். "வரவே இல்லையேம்மா" என்கிறது கம்பெனி. யார் சொல்வது உண்மை? அனுப்பிய சர்வரின் லாக்கில் எதிர்முனை 250 என்று பதில் சொன்ன ஒரு வரி இருந்தால், அந்த மெயிலை எதிர்முனை சர்வர் வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். யாரும் படித்தார்களா என்று அது சொல்லாது. ஆனால் அவர் அனுப்பினார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறு என்ன இருக்கிறது? அந்த வரி இருக்கும் ஃபைல்தான் காலையில் "குப்பை" என்று அழியப் பார்த்தது.

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்தில் ஜோஹோ நிறுவனம். மெயில் சேவை நடத்துகிற அதே நிறுவனம், மேனேஜ்என்ஜின் என்ற தன் பிரிவின் மூலம் லாக்குகளைச் சேர்த்து அலசும் ஈவன்ட்லாக் அனலைஸர் என்ற மென்பொருளையும் விற்கிறது. அடுத்தவர் குப்பை என்று நினைப்பதைப் படித்துச் சொல்வதற்கே காசு கொடுக்க ஆள் இருக்கிறது!

அடுத்த திங்கட்கிழமை டிஸ்க் நிரம்பினால், டெலீட் அழுத்துவதற்கு முன் இரண்டே கேள்வி. இது நாட்குறிப்பா, இன்னும் பேரேட்டில் ஏறாத கணக்கா? நாட்குறிப்பு என்றால், இதைத் தேடி நாளைக்கு யாராவது வருவார்களா?

பதில் தெரிந்தபிறகு அழிக்கலாம். மெயில் காத்திருக்கும்.