வாப்பாவின் கரண்டைக்கால்

ஒளுச் செய்யும்போது நாள்தோறும் கரண்டைக்கால் வரை கழுவுகிறோம். ஆயினும் அந்த மூட்டு நமக்கு ஆற்றிவரும் ஊழியத்தை ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. 2022ஆம் ஆண்டில் எம் வாப்பாவுக்குப் பக்கவாதம் கண்ட பின்னரே அது நம் கருத்தில் பட்டது.

மூளையின் இடப்பாதியில் இரத்த ஓட்டம் தடைப்பட்டமையால் அவருடைய வலக்கையும் வலக்காலும் சோர்ந்தன. சில வாரங்களில் இடுப்பிலும் தொடையிலும் வலு மீண்டது. பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். ஆனால் நடை வரவில்லை. காலைத் தூக்கினால் பாதத்தின் முன்பகுதி தொங்கியது. விரல்கள் தரையை உரசின. இயல்பாக நடக்கையில் முன்னே வீசும் காலின் விரல்நுனிக்கும் தரைக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடைவெளிதான் இருக்கிறது. கரண்டைக்கால் உரிய நேரத்தில் பாதத்தை மேலே இழுக்காவிடின் அந்த இடைவெளியும் இல்லை. அப்போது மனிதர் இடுப்பை உயர்த்திக் காலை அரிவாள் வீசுவதுபோல் வெளிப்புறமாகச் சுழற்றி வைக்கிறார், விரைவில் களைக்கிறார், வாசற்படியில் தடுக்குகிறார். வாப்பாவின் வலச்செருப்பு நுனி மட்டும் தேய்ந்துபோயிற்று. அது கழன்று பின்தங்கியதைக்கூடச் சில வேளை அவர் அறியார்.

இவ்விடத்தில் நம் பிழையையும் சொல்லியாக வேண்டும். விழுந்துவிடுவாரோ என்னும் அச்சத்தால் உணவு, தண்ணீர் யாவற்றையும் கட்டிலுக்கே கொண்டுசென்றோம். அதனை அன்பென்றே எண்ணினோம். அசையாத காலில் கெண்டைச்சதை இறுகி, பாதம் கீழ்நோக்கியும் உட்புறமாகவும் வளையத் தொடங்கியது. புறா இரத்தம் தடவச் சொன்னவர்களும் உண்டு. நல்லவேளை, அதை நாம் செய்யவில்லை.

2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியே இயன்முறை மருத்துவர் ஒருவர் இல்லம் தேடி வந்தார். இளம்பெண். வாப்பா இளமையில் மேலப்பாளையத்துக் குழித்தறியில் நெய்தவர் என்று அறிந்ததும், "தாத்தா, தறி மிதிக்கிறதா நினைச்சுக்கோங்க. மிதிக்கிறதை விட்ருங்க, மிதிச்ச காலை மேலே எடுக்கிறதை மட்டும் நினைங்க" என்றார்.

நாற்காலியில் அமர்ந்து, குதிகாலை ஊன்றி, முன்பாதத்தை உயர்த்துவதே பயிற்சி. பல நாள் ஒன்றும் அசையவில்லை. அசையாவிடினும் ஏவல் மூளையிலிருந்து போய்ப் பழக வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். கெண்டைச்சதையை நீட்டும் முறையையும் நமக்குக் கற்பித்தார். ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து, ஒரு மாலையில், கரண்டைக்காலின் முன்புறத்தில் தசைநாண் ஒன்று இழுபட்ட பாவுநூல்போல் எழுந்து மறைந்தது. வாப்பா மறுபடியும் செய்து காட்டினார். உம்மா அழுதுவிட்டார்கள்.

பாதத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டையும் கைத்தடியும் கொண்டு இப்பொழுது அவர் தாமிரபரணி நீர் ஓடும் பாளையங்கால்வாய்ப் பாலம் வரை சென்று வருகிறார். திரும்பும்போது களைப்பினால் உரசும் ஒலி மீண்டும் கேட்கிறது. முழுமையாகக் குணமாயிற்று என்று சொல்வதற்கில்லை. அத்தஹிய்யாத் இருப்பில் வலப்பாதத்தை நட்டு விரல்களை மடக்கி அமர இயலாததே அவருடைய பெருங்குறை. நோயாளி நாற்காலியில் தொழ மார்க்கம் இடந்தருகிறது என்று ஆலிம் ஒருவர் எடுத்துரைத்தும் அவர் மனம் ஆறவில்லை. எனினும் ஜும்ஆவுக்கு முன்னதாகவே சென்று ஓரத்து நாற்காலியில் அமர்கிறார். குத்பா தொடங்குமுன் அந்த நாற்காலியின் கீழே அவருடைய வலப்பாதம் மெல்ல உயர்ந்து தாழ்வதைப் பின்வரிசையிலிருந்து காண்கிறோம்.